குயின் மேரி 2: கப்பல் தாங்கியது, பக்கத்து வேலைகள் தாங்கவில்லை

பாலாற்றில் தண்ணீர் வந்தால் ஆற்காட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்கிறவர்கள் நாம். கடலைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். அப்படியிருந்தும், ராணிப்பேட்டை சிப்காட் ஷெட்களில் வேலை செய்கிற ஃபிட்டர், வெல்டர் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கும்போது நான் பாடமாக வைப்பது குயின் மேரி 2 என்ற பயணிகள் கப்பலை. டக்ட், டேங்க், சிம்னி என்று இங்கே செய்வதெல்லாம் தகடு வெட்டி, வளைத்து, வெல்டு அடிக்கிற வேலை. கப்பலும் அதே வேலைதான். அளவு வேறு, அவ்வளவுதான்.

பெயரைச் சொன்னதும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “இதுவும் மூழ்கிடுச்சா சார்?” இல்லை. குயின் மேரி 2 மூழ்கவில்லை, இரண்டாகப் பிளக்கவில்லை, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனாலேயே இதை எடுத்தேன். அதன் உடம்பைப் போட்ட கணக்கு தப்பவில்லை. ஆனால் கட்டி முடிக்கும் தறுவாயில் ஒரு தடவை, ஓடத் தொடங்கிய முதல் ஏழு ஆண்டுகளுக்குள் இரண்டு தடவை, பலமாக அடி வாங்கியது. மூன்றிலும் தவறியவை பெரிய கணக்குக்கு ஓரத்தில் இருந்தவை: ஏறிப் போகப் போட்ட ஒரு நடைபாலம், தண்ணீருக்கடியில் தொங்கிய மோட்டாரின் பேரிங், அறை மூலையில் இருந்த ஒரு கெப்பாசிட்டர், அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைத்து விடும் சாமான்.

எதற்காக இத்தனை இரும்பு

1998-ல் அமெரிக்காவின் கார்னிவல் நிறுவனம் பழைய பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியான க்யூனார்டை வாங்கியது. க்யூனார்டின் புகழே இங்கிலாந்தின் சௌதாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையில் அட்லாண்டிக்கைக் கடக்கும் கப்பல்களால் வந்தது. 1969-ல் ஓடத் தொடங்கிய குயின் எலிசபெத் 2-க்கு அப்போதே வயதாகிவிட்டது. அதற்கு வாரிசாக ஒன்று வேண்டும் என்று முடிவாயிற்று. வடிவமைத்தவர் ஸ்டீபன் பெய்ன்.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 முதல் போகிற மாதிரியான உல்லாசக் கப்பல், வானிலை பார்த்து, தேவைப்பட்டால் பாதையை மாற்றிக்கொண்டு போகலாம். அட்லாண்டிக்கைக் கடக்கிற லைனருக்கு அந்தச் சலுகை கிடையாது. குளிர்காலமோ புயலோ, சொன்ன நாளில் சொன்ன ஊரில் போய் நிற்க வேண்டும். அதனால் முகப்பு நீளமாகவும் கூராகவும் இருக்க வேண்டும், அடிப்பகுதி ஆழமாக இறங்க வேண்டும், தகடு கனமாக இருக்க வேண்டும். இதே அளவு உல்லாசக் கப்பலுக்குப் போவதைவிடச் சுமார் 40 சதவீதம் அதிக இரும்பு இதற்குப் போனது. செலவு ஏறக்குறைய 80 கோடி டாலர்.

நீளம் 345 மீட்டர். காட்பாடியில் நிற்கும் ரயிலில் ஏறக்குறைய 15 பெட்டியை எண்ணிக்கொள்ளுங்கள், அவ்வளவு. அகலம் 41 மீட்டர். அடியிலிருந்து புகைபோக்கி உச்சி வரை 72 மீட்டர். தண்ணீருக்குள் 10 மீட்டர் இறங்கியிருக்கும். 1,48,528 டன் என்று எழுதியிருப்பதைப் பார்த்து எடை என்று நினைத்துவிடக் கூடாது. அது கப்பலுக்குள் அடைபட்டிருக்கும் இடத்தின் அளவு. பிளேட்டை எடை போட்டு வாங்கிப் பழகிய நம் ஆட்கள் ஒவ்வொரு முறையும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

பெய்ன் செய்தவற்றில் எனக்குப் பிடித்தவை சில. உயிர்காப்புப் படகுகளை நீர்மட்டத்திலிருந்து சுமார் 15 மீட்டர் உயரத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. வட அட்லாண்டிக்கின் அலை அங்கே அடித்தால் படகே நொறுங்கும் என்று வாதாடி, 25 மீட்டர் உயரத்தில் வைக்க விலக்கு வாங்கினார். புகைபோக்கியைக் குட்டையாக்கினார். நியூயார்க் துறைமுக வாசலில் இருக்கும் வெரசானோ பாலத்துக்கடியில் நுழைய வேண்டுமே; கடல் ஏறியிருக்கும் நேரத்தில் சில மீட்டர்தான் மிச்சம். பின்பக்கத்தைப் பாதி தட்டையாகவும் பாதி கரண்டி மாதிரி வளைவாகவும் அமைத்தார். அடியில் தொங்கும் மோட்டார்களுக்குத் தட்டை வேண்டும், பின்னாலிருந்து துரத்தி வரும் அலைக்கு வளைவு வேண்டும். இரண்டையும் விட்டுக்கொடுக்காத வடிவம் அது.

கட்டிய விதம்

2000 நவம்பர் 6-ல் ஒப்பந்தம் பிரான்ஸின் சான் நசேர் நகரத்துக் கப்பல் தளத்துக்குப் போனது. அந்தக் காலத்து நார்மண்டி, பிரான்ஸ் ஆகிய பெரிய லைனர்களைக் கட்டிய இடம். 2002 ஜனவரியில் முதல் தகடு வெட்டினார்கள். ஜூலை 4-ல் கீல், அதாவது அடித்தண்டு, வைத்தார்கள். 2003 மார்ச் 21-ல் உலர்துறைக்குள், அதாவது தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பல் கட்டுகிற பள்ளத்துக்குள், தண்ணீர் விட்டு மிதக்கவிட்டார்கள். வெட்டிய நாளிலிருந்து மிதந்த நாள் வரை 14 மாதம்தான். நம் ஊரில் ஒரு மேம்பாலத்துக்கு மண் பரிசோதனை முடிகிற காலம்.

எப்படி முடிந்தது? சுமார் 3 லட்சம் இரும்புத் துண்டுகளை உலர்துறைக்கு வெளியே 94 பிளாக்குகளாகச் சேர்த்தார்கள். பிளாக் தரையில் இருக்கும்போதே குழாயும் கேபிள் பாதையும் முடிந்தவரை உள்ளே போய்விடும். பிறகு கிரேனில் தூக்கி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, சந்திப்பை வெல்டு செய்வது. தலைக்குமேல் கையைத் தூக்கி அடிக்கிற வெல்டைவிட, பிளாக்கைத் திருப்பிப் போட்டுக் கீழ்நோக்கி அடிக்கிற வெல்டு வேகமாகவும் சுத்தமாகவும் வரும் என்பது பிளேட் வேலை தெரிந்த யாருக்கும் சொல்லாமலே புரியும். சுமார் 3,000 தொழிலாளர்கள், 80 லட்சம் மணி நேர உழைப்பு. தளத்துக்கு வெளியே உறுப்பு செய்தவர்கள், துணை ஒப்பந்தக்காரர்கள் எல்லாரையும் சேர்த்தால் 20,000 பேர்.

செப்டம்பரிலும் நவம்பரிலும் கடலோட்டச் சோதனைகள் நடந்தன. கப்பல் திரும்பி வந்து உலர்துறையில் நின்றது. ஒப்படைக்க ஒரு மாதத்துக்குச் சற்று மேல்தான் இருந்த நேரம்.

முதல் அடி: நடைபாலம்

2003 நவம்பர் 15, சனிக்கிழமை. கட்டியவர்களின் குடும்பங்கள் கப்பலைப் பார்க்க அன்று அனுமதி. அப்பா, அண்ணன், கணவர் இரண்டு வருடமாக எதைக் கட்டினார் என்று பார்க்க வந்தவர்கள். உலர்துறைக் கரையிலிருந்து கப்பலுக்குள் போக ஒரு நடைபாலம் போட்டிருந்தார்கள். சாரம் கட்டும் துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்று முந்தைய நாள்தான் அதை நிறுவியது. அதன்மேல் ஏறக்குறைய 50 பேர் இருந்தபோது அது சரிந்தது. சுமார் 15 மீட்டர் கீழே, தண்ணீர் இல்லாத கான்கிரீட் தரை. 16 பேர் இறந்தார்கள், 32 பேர் காயமடைந்தார்கள்.

கப்பலின் ஒவ்வொரு பிளாக்குக்கும் வரைபடம் உண்டு, கணக்கு உண்டு, கப்பலைச் சோதித்துச் சான்று தருகிற வகைப்பாட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் பார்த்துப் போட்ட கையெழுத்து உண்டு. நடைபாலம் கப்பலின் உறுப்பு இல்லை. விற்கப்போகிற பொருளும் இல்லை. சில நாள் நின்று, பிறகு கழற்றப்படுகிற சாமான். தற்காலிகம் என்றாலே கண் அதன்மேல் நிற்பதில்லை. ஆனால் அதன்மேல் ஏறுகிற ஆளின் எடை தற்காலிகமானது இல்லையே.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வேலை நாளில் அந்த மாதிரிப் பாலத்தில் ஆட்கள் இடைவெளி விட்டு, நடந்துகொண்டே, போய்க்கொண்டே இருப்பார்கள். பார்வையாளர் நாளில் கூட்டம் நெருக்கமாக நிற்கும். வாசலில் ஒரு நிமிடம் தாமதமானால் பாலம் முழுக்க ஆள் நிரம்பிவிடும். பயன்பாடு மாறியது என்றால் பாரமும் மாறியது என்று அர்த்தம். நம் ஊர்த் திருவிழாவில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் விழுவதும் இதனால்தான். தினமும் நான்கு பேர் சாய்கிற சுவரில் அன்று நாற்பது பேர் சாய்கிறார்கள்.

2008-ல் சான் நசேர் நீதிமன்றம் கப்பல் தளத்தையும் சாரம் கட்டிய நிறுவனத்தையும் குற்றவாளிகள் என்று சொல்லி அபராதம் விதித்தது. குற்றம் சாட்டப்பட்ட தனிநபர்கள் விடுவிக்கப்பட்டார்கள். இதைச் சொன்னபோது வகுப்பில் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு சாரம் மேஸ்திரி, வாலாஜாக்காரர், சட்டென்று கேட்டார்: “கட்னவன் யாருன்னு கேக்கறாங்க சார். அம்பது பேரை ஏறச் சொன்னது யாருன்னு கேட்டாங்களா?” என் கையில் இருந்த குறிப்புகளில் இல்லாத கேள்வி அது. அதற்கப்புறம் வகுப்பு நடந்ததெல்லாம் அவர் கேள்வியைச் சுற்றித்தான்.

ராணிப்பேட்டையில் இந்தப் பகுதியைப் பேசும்போது 2015 ஜனவரி 31 யாருக்கும் நினைவுக்கு வராமல் இருக்காது. சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் ராத்திரியில் உடைந்தது. பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்களைக் கசடு மூடியது. 10 பேர் இறந்தார்கள். இரண்டு சம்பவமும் ஒன்றல்ல, காரணங்களும் வேறு. ஆனால் அங்கேயும் உடைந்தது உற்பத்தி நடக்கிற இயந்திரம் இல்லை. கழிவை வைத்திருக்கிற ஓரத்துத் தொட்டி. செத்தவர்களில் பெரும்பாலோரும் அந்தத் தொட்டியில் வேலை செய்தவர்கள் இல்லை.

கப்பல் 2003 டிசம்பர் 22-ல் ஒப்படைக்கப்பட்டது. 2004 ஜனவரி 8-ல் சௌதாம்ப்டனில் இரண்டாம் எலிசபெத் ராணி பெயர் சூட்டினார். 12-ஆம் தேதி 2,620 பயணிகளோடு அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேலுக்கு முதல் பயணம். திரும்பி வரும்போது போர்ச்சுகலில் முன்பக்கத் தள்ளுவிசிறிகளை மூடும் கதவுகள் சரியாக மூடாமல் தாமதம். புதுக் கப்பலுக்கு இதெல்லாம் சகஜம். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸின்போது பிரேயஸ் துறைமுகத்தில் மிதக்கும் ஓட்டலாக நின்றது.

இரண்டாம் அடி: தொங்கும் மோட்டார்

பழைய கப்பல்களில் எஞ்சின் உள்ளே இருக்கும், அதிலிருந்து நீண்ட தண்டு பின்னால் போய் விசிறியைச் சுழற்றும். இதில் அது கிடையாது. 4 டீசல் எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 16.8 மெகாவாட். அது போதாத வேகத்துக்கு 2 கேஸ் டர்பைன்கள், ஒவ்வொன்றும் 25 மெகாவாட். எல்லாம் சேர்ந்து கரண்ட் உற்பத்தி செய்யும், 117 மெகாவாட். எஞ்சினுக்கும் விசிறிக்கும் நடுவில் கேபிள் மட்டும்தான் என்பதால், காற்று நிறையக் குடிக்கிற டர்பைன்களை எஞ்சின் அறையில் வைக்காமல் உச்சியில் புகைபோக்கிக்கு அடியில் வைத்துவிட்டார்கள். அழகான தீர்வு.

அந்தக் கரண்ட் போய்ச் சேர்வது கப்பலின் அடியில் வெளியே தொங்கும் 4 பாட்களுக்கு. பாட் என்பது நீர்புகாத கூடு. உள்ளே 21.5 மெகாவாட் மோட்டார், முனையில் விசிறி. இரண்டு நிலையாக நிற்கும், இரண்டு முழுவட்டமாகத் திரும்பும். திரும்புவதே சுக்கான் வேலையும் செய்துவிடும் என்பதால் தனிச் சுக்கான் கிடையாது. ரோல்ஸ் ராய்ஸும் ஆல்ஸ்டமும் சேர்ந்து செய்த ‘மெர்மெய்ட்’ வகைப் பாட்கள் இவை.

2006 ஜனவரியில் தென் அமெரிக்காவைச் சுற்றி வரும் பயணத்துக்குக் கிளம்பியபோது, ஃபோர்ட் லாடர்டேல் கால்வாயின் ஓரத்தில் ஒரு பாட் இடித்தது. ஒன்று போனதால் வேகம் குறைந்தது. ரியோ போய்ச் சேரும் நாளைக் காப்பாற்ற வழியில் நிற்க வேண்டிய துறைமுகங்கள் சிலவற்றை விட்டுவிட்டார்கள். காசு கொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? கப்பலைவிட்டு இறங்க மாட்டோம் என்று பயணிகள் மிரட்டும் அளவுக்குப் போய், கடைசியில் கட்டணத்தைத் திருப்பித் தருவதாகக் கம்பெனி சொன்னது.

இடித்தது ஓட்டுகிறவர்கள் விஷயம். அதோடு முடிந்திருந்தால் இந்த ஆய்வில் இதற்கு ஒரு வரி போதும். அதைவிட நாள்பட்ட தொல்லை பாட்டுக்குள் இருந்த உந்துதல் பேரிங்கில் வந்தது. விசிறி தண்ணீரைப் பின்னால் தள்ளும்போது தண்டு முன்னால் தள்ளும். அந்த மொத்தத் தள்ளலையும் வாங்கிக் கப்பலுக்குக் கொடுப்பது அந்த பேரிங்தான். ஷெட்டில் ஒரு பம்ப் பேரிங் போனால் சாயங்காலத்துக்குள் மாற்றிவிடுவோம். இங்கே பேரிங் கப்பலுக்கு வெளியே, தண்ணீருக்குள், கூட்டுக்குள். சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் கப்பலையே உலர்துறையில் ஏற்ற வேண்டும். 345 மீட்டர் கப்பலை ஏற்றும் துறைகள் உலகத்தில் சிலவே. இது ஹாம்பர்குக்குப் போகும். அத்தனை நாளும் வருமானம் நிற்கும்.

முன்தளத்தில் இந்தக் கப்பல் விசிறிக்கு 8 உதிரி இதழ்களைச் சுமந்துகொண்டு போகிறது. பளபளவென்று சிற்பம் மாதிரி நிற்கும், பயணிகள் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள். எது உடையும் என்று நினைத்தார்களோ அதற்கு உதிரி தயாராக இருந்தது. தொல்லை கொடுத்தது உதிரி இருந்தாலும் நடுக்கடலில் மாற்ற முடியாத உறுப்பு. பராமரிப்புத் திட்டம் போடும்போது ‘உதிரி இருக்கிறதா’ என்பதோடு ‘அங்கே கை போகுமா’ என்றும் கேட்க வேண்டும் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

கார்னிவல் வழக்குப் போட்டது. 2011 ஜனவரியில் மயாமி ஜூரி, ரோல்ஸ் ராய்ஸ் சுமார் 2 கோடியே 40 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்றது.

மூன்றாம் அடி: கெப்பாசிட்டர்

மூன்றில் இதுதான் நம் ஷெட்களுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. ஆள் சாகவில்லை என்பதால் பலரும் இதை லேசாகத் தாண்டிப் போகிறார்கள்; நான் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கிறேன்.

2010 செப்டம்பர் 23, விடியற்காலை 4.25. கப்பல் பார்சிலோனாவை நெருங்கிக்கொண்டிருந்தது. பின்பக்க முதன்மை சுவிட்ச்போர்டு அறையில் வெடிச் சத்தம். சில நொடிகளில் நான்கு உந்து மோட்டார்களும் நின்றன. கொஞ்ச நேரத்தில் கப்பல் முழுக்க இருட்டு. அவசர ஜெனரேட்டர் தானாக ஓடத் தொடங்கியது. பின்பக்க சுவிட்ச்போர்டைத் தனியாகப் பிரித்துவிட்டு, ஜெனரேட்டர்களை மறுபடி ஓட்டி, 5.23-க்குப் பயணம் தொடர்ந்தது. இரண்டு மோட்டார்களோடு போய்த் துறைமுகத்தில் சேர்ந்தார்கள். பக்கத்தில் பாறையோ கரையோ இல்லை, யாருக்கும் காயமில்லை. இதே ஒரு மணி நேரம் நியூயார்க் வாசலில் நடந்திருந்தால் கதை வேறு.

அவ்வளவு பெரிய மோட்டார்களை வேகம் கூட்டிக் குறைத்து ஓட்ட, கரண்டைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கும் கன்வெர்ட்டர்கள் வேண்டும். வெட்டும்போது அலைவடிவம் கோணலாகும். அதை நேராக்க ஹார்மோனிக் ஃபில்டர் என்று ஒன்று, காயில்களும் கெப்பாசிட்டர்களும் சேர்ந்த கூட்டம், தனி அறையில் இருக்கும். கெப்பாசிட்டர் உள்ளுக்குள் மெல்ல மெல்லப் பழுதாகிற சாமான். வெளியே தெரியாது. உள்ளே சின்னச் சின்ன அடுக்குகள் போய்க்கொண்டே இருக்கும், வாயு சேரும், உறை உப்பும், ஒரு நாள் வெடிக்கும். அன்று வெடித்தது.

பழுதாகிறது என்று முன்கூட்டிச் சொல்ல வழியே இல்லையா? இருந்தது. கெப்பாசிட்டர்களுக்குள் போகும் கரண்டில் ஏற்றத்தாழ்வு வந்தால் கண்டுபிடித்து எச்சரிக்கவும், ஃபில்டரைத் துண்டிக்கவும் ஒரு காவல் அமைப்பு பொருத்தியிருந்தார்கள். பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு ஆராய்ந்தபோது அந்த அமைப்பு வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. அன்றைக்கு மட்டும் இல்லை, பல ஆண்டுகளாகவே வேலை செய்திருக்கவில்லை என்பதுதான் அவர்கள் கண்டது.

செத்துப்போன காவல் அமைப்புக்கு ஒரு குணம் உண்டு: அது சத்தம் போடாது. நன்றாக இருக்கும் அமைப்பும் சத்தம் போடாது. இரண்டையும் பிரித்துக் காட்டச் சோதனை ஒன்றுதான் வழி.

இப்போது நம் ஷெட்டுக்கு வருவோம். வாங்குகிற கரண்டில் எவ்வளவு வேலைக்குப் போகிறது என்று காட்டும் பவர் ஃபேக்டர் குறைந்தால் இ.பி. பில்லில் அபராதம் விழும் என்பதால் பெரிய கனெக்‌ஷன் வைத்திருக்கிற எல்லாரிடமும் கெப்பாசிட்டர் பேனல் இருக்கிறது. அதே ஷெட்டில் இப்போது மோட்டாருக்கு மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவும், இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினும் வந்துவிட்டன. அவை அலைவடிவத்தைக் கோணலாக்கும், கெப்பாசிட்டர் சூடாகும், ஆயுள் குறையும். 117 மெகாவாட் கப்பலும் 200 கிலோவாட் ஷெட்டும் இந்த இடத்தில் ஒரே நோயாளி. உப்பிய கெப்பாசிட்டரைப் பார்த்தும் “இன்னும் ஓடுது சார், விடுங்க” என்று சொல்கிற எலக்ட்ரீஷியன் தம்பிகளை எனக்குத் தெரியும். ஃபியூஸ் போனால் கம்பி கட்டி வைத்திருக்கிற பேனலையும் பார்த்திருக்கிறேன். அதுவும் காவல் அமைப்பைக் கொன்றதுதான், தெரிந்தே செய்தது என்பது மட்டும் வித்தியாசம்.

மூன்றில் எதை மிக மலிவாகத் தடுத்திருக்கலாம் என்று கேட்டால் என் பதில் இந்த மூன்றாவதுதான். நடைபாலத்துக்கு மறுபடி ஒரு கணக்கும் ஏறுகிறவர்களுக்கு ஒரு வரம்பும் தேவைப்பட்டிருக்கும். பேரிங்குக்கு வேறு வடிவமைப்பே வேண்டும். இங்கே சாமான் ஏற்கெனவே வாங்கி மாட்டியிருக்கிறது. அது உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்திருந்தால் போதும்.

சாரம் மேஸ்திரியின் கேள்விக்கு வகுப்பில் ஒருமித்த பதில் வரவில்லை. ஏறலாம் என்று சொல்லும் ஆள் கட்டினவராக இருக்கக் கூடாது என்றார்கள் சிலர். கட்டினவரைத் தவிர வேறு யாருக்கும் அதன் பலம் தெரியாது என்றார்கள் மற்றவர்கள். கடைசியில், எத்தனை பேர் ஏறலாம் என்ற எண்ணை எழுதித் தொங்கவிட வேண்டும், அந்த எண்ணைக் கட்டினவர் எழுத வேண்டும், வாசலில் நிற்கிறவர் எண்ண வேண்டும் என்பது வரைக்கும் ஒத்துக்கொண்டார்கள். கூலிக்கு யார் ஆள் வைப்பது என்பதில் மறுபடி சண்டை.

கெப்பாசிட்டர் பகுதி முடிந்ததும் ஒரு தாள் கொடுப்பேன். உங்கள் ஷெட்டில் வேலை ஓடத் தேவையில்லாத, ஆபத்து வந்தால் காப்பாற்ற மட்டும் இருக்கிற சாமான்களை இடது பக்கம் எழுதுங்கள்: கிரேனின் லிமிட் சுவிட்ச், கம்ப்ரஸரின் சேஃப்டி வால்வு, கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் இ.எல்.சி.பி., அவசர ஸ்டாப் பட்டன். வலது பக்கம், கடைசியாகச் சோதித்த தேதி. இடது பக்கம் சீக்கிரம் நிரம்பும். வலது பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் ‘ஆயுத பூஜை’ என்று எழுதித் தந்தார்கள். அன்றைக்குத் துடைத்துப் பொட்டு வைத்ததை அதில் எழுதக் கூடாது என்று இப்போது தாளிலேயே அச்சடித்துவிட்டேன்.